நர்ஸ் கமலவேணியும் நீலக் குழாயும்

அறுபத்தெட்டாம் வருஷம் பெரிய காஞ்சிபுரத்துச் சர்க்கரை வியாதிக்காரர்கள் டாக்டருக்குப் பயந்ததில்லை. அவரிடம் வேலை பார்த்த நர்ஸ் கமலவேணிக்குத்தான் பயந்தார்கள். நல்ல மனசுக்காரி, அதில் குறை சொல்ல முடியாது. சோற்றைக் குறை, கேழ்வரகு தின்னு, கோயில் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிள்ளைகளிடம் கொடுத்துவிடு என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வாள். வாய்தான் அடங்காது.

செவ்வாய்க்கிழமை தோறும் நோயாளிகள் பாட்டிலில் சிறுநீர் கொண்டுவர வேண்டும். கூடத்தில் எல்லார் எதிரிலும் நீல மருந்தில் சில சொட்டு விட்டு, குழாயை ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறம் வந்தால் தொலைந்தது. அவள் போடும் சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். ரோஷம் வந்தால்தான் மனுஷன் திருந்துவான் என்பது அவள் கட்சி.

நெசவுக்காரர் வேலாயுதம் ஒருநாள் ஊரிலிருந்து வந்த சம்பந்தியோடு வந்து மாட்டிக்கொண்டார். செங்கல் நிறம். மகள் கல்யாணத்து லட்டைப் பந்தியில் போடாமல் பதுக்கி வைத்துத் தின்கிறீரா என்று கமலவேணி கேட்க, கூடமே சிரித்தது. சம்பந்தியும் சிரித்தார்.

அடுத்த வாரம் வேலாயுதத்தின் குழாய் நீலம். அதற்கடுத்த வாரமும் நீலம். கமலவேணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேலாயுதத்தைப் பாருங்கள், அவரைப்போல இருங்கள் என்று எல்லாரிடமும் அவரையே காட்டினாள். அவர் தலை நிமிரவில்லை. அடக்கமான மனுஷர் என்று அதற்கும் ஒரு பாராட்டு கொடுத்தாள்.

திடீரென்று அவர் வருவது நின்றது. தேடிக்கொண்டு வீட்டுக்கே போனாள். வேலாயுதம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தார். அவர் மனைவி நீலாம்பாள், காலைக் கொஞ்சம் பார்க்கச் சொன்னாள். மிதிகட்டையை மிதிக்கிற வலது காலில் விரல்கள் கருத்து, புண் பாதம்வரை ஏறியிருந்தது. வலியே தெரியவில்லை என்றார் அவர்.

நீலம் வந்துகொண்டிருந்த ஆளுக்கு இது எப்படி என்று கமலவேணி கேட்டாள்.

"பாட்டில்ல வந்தது என்னுதும்மா," என்றாள் நீலாம்பாள். "சம்பந்தி எதிர்ல சிரிச்சாங்களே, அதுலேர்ந்து இவரு தன்னுதக் குடுக்கவே இல்ல."

வேலாயுதம் தறியின் பாவு நூலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கமலவேணிக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் தன்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு ஒரு மனுஷனைப் பொய் சொல்ல வைத்திருக்கிறாள், அந்தப் பொய்யை ஊருக்கே காட்டிப் பெருமையடித்திருக்கிறாள்.

அன்றைக்கே அவரை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். இனி அந்தக் காலால் தறி மிதிக்க முடியாது. வராந்தாவில் கமலவேணி நீலாம்பாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னால்தான், மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. அத்தனை பெரிய வாய் அன்றைக்கு உதவவில்லை.

ரொம்ப நேரம் அழுதுவிட்டு நீலாம்பாள்தான் பேசினாள்.

"எதிர் வூட்டு காந்தாவுக்கும் நாந்தாம்மா குடுத்துக்கினு இருக்கேன். அவ காலையும் பாத்துடுங்க."

கமலவேணி தலையாட்டினாள். நீலாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா நாலு பேரு எதிர்ல கேட்டுடாதீங்கம்மா. அவளுக்கு மாமியா இருக்குது."