இருபதாயிரம் புள்ளிகளும் சிவம் மாமாவின் படமும்

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம் சூடேறும்போது ஒரு மணம் எழும். தூசியும் அரக்கும் சேர்ந்து மெல்லக் கருகுவது போன்ற அந்த மணம் மூக்கில் ஏறிய பிறகுதான் எங்கள் வீட்டுப் பெட்டியில் உருவங்கள் தெளியத் தொடங்கும், அதுவரை என்ன குட்டுக் குட்டினாலும் வெறும் கோடுகள்தான். எண்பதுகளில், ஜேர்மனியின் வூப்பர்டாலில், மலைச்சரிவில் நின்ற ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில், பதினொரு வயதில் நான் அந்த மணத்துக்குக் காத்திருந்த அளவுக்கு அம்மாவின் சோற்றுக்குக்கூடக் காத்திருந்ததில்லை. இதை அம்மா இருக்கும்போதே அவரிடம் சொல்லி வாங்கிக் கட்டியிருக்கிறேன், ஆகவே இப்போது எழுதுவதில் புதிதாகக் குற்றம் ஒன்றுமில்லை.

பெட்டி தெருவில் கிடைத்தது. வேண்டாத தளபாடங்களை வாசலில் வைத்தால் நகரசபை லொறி வந்து அள்ளிப் போகும் நாளை இங்கே "ஸ்பெர்முல்" என்பார்கள்; எங்கள் ஆட்களில் பாதிப்பேருடைய வரவேற்பறை அந்த நாளில்தான் பிறந்தது, இதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் வெட்கப்படுவதில்லை. தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் விளையாட்டுப் பெட்டியோ அப்பா கோப்பை கழுவிய உணவகத்திலிருந்து வந்தது. முதலாளியின் மகனுக்குக் கணினி வாங்கியதும், பழையதை உன் பிள்ளைக்குக் கொடு என்று அப்பாவின் கையில் வைத்துவிட்டார். விளையாட்டை இயக்கப் பிடி தேய்ந்த ஒற்றைத் "தடி", ஒரே ஒரு விளையாட்டுக் கசெற். கும்மிருட்டுக் குகைக்குள் ஒரு குட்டிக் கப்பல் பறந்து போகும், மேலேயிருந்து கற்கள் விழும், அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் கசெற்றின் உறைக்குள் நாலாக மடித்த துண்டுப்பிரசுரம் ஒன்று இருந்தது. அதுதான் என் நித்திரையைக் கெடுத்தது.

இருபதாயிரம் புள்ளிகளைத் தாண்டுங்கள், திரையைப் படம் பிடித்து வருட முடிவுக்குள் எங்களுக்கு அனுப்புங்கள், குகைவீரர் சின்னத்தை இலவசமாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அதில் போட்டிருந்தது. அந்தக் காலத்து விளையாட்டுக் கம்பனிகள் இப்படிப் போட்டிகள் வைத்துத்தான் பிள்ளைகளைத் தங்கள் கையில் வைத்திருந்தன. விளையாட்டுப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது, மின்சாரத்தை நிறுத்தினால் எடுத்த புள்ளியெல்லாம் போச்சு. ஆகவே சாட்சி என்று இருந்தால் அது கடுதாசியில் கழுவிய படம் ஒன்றுதான்.

அந்தத் துணிச்சின்னம் எங்கள் வகுப்பில் டோர்ஸ்டன் என்பவனின் சட்டைக் கையில் தைத்திருந்தது. அவன் கெட்டவன் அல்ல, ஆனால் வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டிலும் அந்த விளையாட்டு இருக்கிறது என்று நான் சொன்னதும், அகதிகள் வீட்டில் தொலைக்காட்சியே இராது, இவள் அளக்கிறாள் என்று பள்ளி முற்றத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. நத்தார் விடுமுறை முடிந்து வரும்போது என் கோட்டிலும் அந்தச் சின்னம் இருக்கும், இல்லாவிட்டால் என்னைப் பொய்க்காரி என்று கூப்பிடுங்கள் என்று அதே முற்றத்தில் நானும் சத்தம் போட்டுச் சொன்னேன். அதுவரை நான் எடுத்திருந்த ஆகக்கூடிய புள்ளி நாலாயிரம்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது அம்மாவின் வாக்கியம். என்னைப் பார்த்துச் சொல்லும்போது மட்டும் அதோடு ஒரு பெருமூச்சும் வரும். ஆனால் நான் வாயால் மட்டும் பிழைக்கவில்லை. பள்ளி விட்டு வந்து இரண்டு மணித்தியாலம், ஒரு நாள் தவறாமல் ஒன்றரை மாதம், எந்தக் கல் எந்த மூலையில் எப்போது விழும் என்று வாய்ப்பாடு போலப் பாடமாக்கினேன். நான் கெட்டிக்காரி; இதில் அடக்கம் காட்டி இந்த வயதில் எனக்கு என்ன ஆகப்போகிறது? கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியத்துக்குச் சற்று முன், கடைசிக் கப்பலும் கல்லில் மோதிச் சிதறியபோது திரையின் மேற்பக்கத்தில் இருபத்தொராயிரத்து முந்நூற்று நாற்பது என்று நின்றது.

"மாமா, ஓடி வாங்கோ! கமரா! கெதியாய்!"

சிவம் மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார், பேக்கரியில் வேலை. முதல் சம்பளத்தில் கமரா வாங்கியவர். அந்தக் கட்டடத்துத் தமிழ்ச் சனத்தில் ஊருக்குப் போன படங்களெல்லாம் அவர் எடுத்தவைதான். யாரோ ஒருவரின் புதுக்காருக்குப் பக்கத்தில், பூத்த மரத்துக்குப் பக்கத்தில், பனியில் கை கட்டிக்கொண்டு என்று எல்லோரையும் நிறுத்தி எடுப்பார். அவருக்கு ஒரே ஒரு சட்டம்: படமென்றால் ஆள் நிற்க வேண்டும். கமராவோடு வந்தவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா."

"மாமா, நான் வேண்டாம், இலக்கம் மட்டும் காணும். லைட்டை நூர்த்துப்போட்டு இருட்டில எடுக்கச் சொல்லிக் கிடக்கு."

"ஆள் இல்லாத படத்தை ஆர் நம்புவான்? டோர்ஸ்டன் எடுத்த புள்ளியோ நீ எடுத்த புள்ளியோ எண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? முகம் இருக்க வேணும். ஒவ்வீசில என்ன கேக்கிறாங்கள்? முகத்தைத்தானே கேக்கிறாங்கள்!"

அப்பாவும் தலையாட்டினார். எங்கள் "அன்ட்ராக்" என்கிற அகதி விண்ணப்பம் அப்போது மூன்றாவது வருடமாக ஒரு அலுவலகத்தின் மேசையில் கிடந்தது; எதைச் சொன்னாலும் சான்று கேட்கிற ஊரில், முகம் இல்லாமல் ஒரு சான்று இருக்கலாம் என்பதை அவர்கள் இரண்டு பேருக்கும் யாராலும் விளங்கப்படுத்த ஏலாது. அம்மாவோ அதற்குள் சிவப்புச் சட்டையை எடுத்து வந்துவிட்டார். பவுடர் அப்பி, பொட்டு வைத்து, தலையை இரண்டாகப் பின்னி என்னை அலங்கரித்து முடிய இருபது நிமிடம் போனது. அந்த இருபது நிமிடமும் நான் பட்ட பாடு! எங்கள் வீட்டில் அடுப்பும் பெட்டியும் ஒன்றாக ஓடினால் சிலவேளை மின்சாரம் விழுந்துவிடும், அன்றைக்கோ அடுப்பில் இறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. "அம்மா, அடுப்பை நிப்பாட்டுங்கோ!" என்று நான் கத்த, "விசர்ப் பெட்டை, சும்மா நில்லு" என்று அம்மா பின்னலை இன்னும் இறுக்கினார். கடைசியில் எல்லா விளக்கையும் போட்டு, என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் கும்பாபிஷேகத்துக்கு வந்தவள் போல நிறுத்தி, ஃப்ளாஷ் வெட்ட மாமா எடுத்தார்.

கமராச் சுருளில் இன்னும் பதினொரு படம் மிச்சம் இருந்தது, அது முடியாமல் கழுவக் கொடுக்க மாட்டேன் என்று மாமா அடம்பிடித்தார். மூன்று கிழமை போனது. படம் வந்தபோது நான் வடிவாகத்தான் இருந்தேன். திரையில் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் வெள்ளைக் கோழிமுட்டை போல உட்கார்ந்திருந்தது. நான் தரையில் விழுந்து அழுதேன். "உத்து உத்துப் பாத்தால் தெரியும், அனுப்பிப் பாப்பம்" என்று அப்பா ஆறுதல் சொன்னார். பாவம், தனக்குத் தெரிந்த முறைப்படி என் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பையும் எங்கள் இருப்பிடப் பத்திரத்தின் பிரதியையும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினார்.

பத்து நாளில் பதில் வந்தது. அன்பான கடிதம்தான்: பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை, புள்ளி தெரியவில்லை, விளக்கை அணைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், திரையை மட்டும் எடுத்து மறுபடி அனுப்பவும். எல்லாவற்றையும், படத்தையும்கூட, பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வருடம் முடியப் பதினைந்து நாள் இருந்தது.

மாமாவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தடியைப் பிடித்தேன். ஆறாம் நாள் மறுபடி இருபதாயிரத்தைத் தாண்டினேன், முந்தியதைவிட இருநூறு புள்ளி அதிகமாக. இந்தமுறை நான்தான் பெரிய மனுசி. திரைச்சீலையை இழுத்து மூடினேன், அடுப்பை நிறுத்தினேன், மாமாவைத் தவிர எல்லோரையும் அறையை விட்டுத் துரத்தினேன், கமராவைக் கதிரையில் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் வைத்தேன். புதுச் சுருள் போட்டிருந்தது, ஒரு படத்துக்காக அதை அப்படியே கழுவ வேண்டும் என்று நான் நின்றபோது மாமா நெஞ்சில் கை வைத்தார். "ஆள் இல்லாத படம், செத்த வீட்டுப் படம் மாதிரி" என்று முணுமுணுத்தபடியே கமராப் பொத்தானை அமத்தினார். இலக்கம் அச்சடித்தது போல விழுந்தது.

சின்னம் தை மாதம் வந்தது; நத்தார் விடுமுறை முடிந்து இரண்டு கிழமை என்னைப் பொய்க்காரி என்றுதான் கூப்பிட்டார்கள், அதையும் மறைக்கவில்லை. அம்மா அதைக் கோட்டில் கறுப்பு நூலால் நாலு சுற்றுத் தைத்துத் தந்தார். டோர்ஸ்டன் பிடித்துப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான், எத்தனை புள்ளி என்று கேட்டான். சொன்னேன். அவனுடையதைவிட அது ஆயிரத்துக்கு மேல் கூட. அதன் பிறகு அந்த முற்றத்தில் என்னிடம் யாரும் சான்று கேட்கவில்லை.

இன்றைக்கு என் மகன் எடுக்கிற புள்ளி அவன் கையை எடுக்க முன்னமே உலகம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. கடித உறையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அந்தக் கம்பனி எப்போதோ மூடிப்போனது. சின்னம் தைத்த கோட்டை, எனக்கு அளவில்லை என்று அம்மா உடுப்புச் சேகரிக்கிற பெட்டிக்குள் போட்டுவிட்டார், அந்தச் சண்டை தனிக்கதை. அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

போன சித்திரையில் டோர்ட்முண்டில் ஒரு மண்டபம் எடுத்து மாமாவின் எழுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடினோம். திரையில் காட்டுவதற்காக அவருடைய பழைய படங்களை என் மகன் தேடினான். எல்லோரையும் எடுத்த மனிதர் எந்தப் படத்திலும் இல்லை. கடைசியில் மாமாவின் பிஸ்கற் ரின் ஒன்றிலிருந்து கம்பனி திருப்பி அனுப்பிய அந்தப் பிழையான படம் வந்தது, மகன் அதைப் பெரிதாக்கிச் சுவரளவுக்குக் காட்டினான். குகை இருட்டுத்தானே, கறுத்த திரை. விளக்கெல்லாம் எரிய, அந்தக் கண்ணாடியில் எங்கள் அறை முழுவதும் விழுந்திருந்தது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இருபத்தெட்டு வயது மாமா. அவருக்குப் பின்னால் குசினி வாசலில், கையில் அகப்பையோடு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு அம்மா.

ஊரில் சனம் படுகிற பாட்டுக்கு நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது வடிவில்லை என்று படமெடுக்கும்போதெல்லாம் வாயை இறுக்கிக்கொள்கிறவர் என் அம்மா. அவர் சிரிக்கிற படம் ஒன்றுகூட எங்களிடம் இருக்கவில்லை. தன்னை எடுக்கிறார்கள் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. மாமா எழும்பித் திரைக்குக் கிட்டப் போய் அக்காவைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு என் பக்கம் திரும்பினார், கன்னமெல்லாம் கண்ணீர்.

"புள்ளி தெரியேல்லைத்தான். ஆக்கள் தெரியினமோ இல்லையோ?"

நாற்பது வருடமாக அந்த மனிதரோடு நான் வாதாடுகிறேன், ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. "ஓம் மாமா, நீங்கள் சொன்னதுதான் சரி" என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, நானும் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதேன்.