சின்னவள் சொன்ன ஊமைப்படம்

அவளுக்குத் தலை வெளுத்து, முழங்கால் தேய்ந்து, பாதிப் பல் போன பிறகும் சின்னவள் என்றுதான் பேர். பெரியவள் என்று ஓர் அக்கா இருந்தாள், அதனால் இவள் சின்னவள். ஒருத்திக்குப் புருஷன் வாய்க்கவில்லை. இன்னொருத்திக்கு வாய்த்தவன் நிலைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே அடுப்பில் காலத்தை ஓட்டினார்கள். பெரியவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி இவளைச் சின்னவள் என்று கூப்பிட நியாயம் கிடையாது. ஆனால் ஊர் வாய் நியாயம் பார்த்தா பேசுகிறது?

அடக்கத்தன்று அவள் அழவில்லை. அதற்கப்புறமும் அழவில்லை. இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று எதிர்வீட்டுக்காரி அவள் காதில் விழும்படியாகவே சொன்னாள். காதில் விழுந்தது, அதற்குக் கீழே எங்கும் இறங்கவில்லை. மடக்கி உட்கார்ந்து கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, சின்னவளுக்கு ஆள் முழுக்க அப்படி இருந்தது. சாப்பிட்டாள், உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எதிர்வீட்டுக்காரி மேல் கோபப்பட்டிருக்கலாம். அதற்கும் ஒரு தெம்பு வேண்டும் பாருங்கள்.

வேலைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தாள். டயர் கடைக்கு மேலே மாடியில் தையல் கூடம். வரிசையாக மிஷின்கள், தகரக் கூரை, ரப்பர் நாற்றம். சின்னவளுக்கு மிஷின் இல்லை. ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்து கையால் பட்டன் தைப்பது அவள் வேலை. பட்டனை இறுக்கி, அடியில் நூலை மும்முறை சுற்றி முடிச்சுப் போட்டால் கோட்டு கிழிந்தாலும் பட்டன் விழாது. அப்படிப்பட்ட கை இப்போது பாதியில் நின்றுபோகும். ஊசி துணியில் குத்தியபடி இருக்கும், இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்துச் சுவர், வேறொன்றும் இல்லை.

கூடத்துக்கு முதலாளியும் மாஸ்டர்தான், துணி வெட்டுகிறவரும் மாஸ்டர்தான். கெட்டவர் இல்லை, நல்லவர் என்று சொல்வதற்கும் இதுவரை ஒன்றும் செய்ததில்லை. ஏதோ ஆய்வுக்கூடத்து ஆம்பிளைகளுக்கு வெள்ளைக் கோட்டுகள் தைக்க ஆர்டர் வந்திருந்தது. அவர் சின்னவளின் முக்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"சனிக்கிழமைக்குள்ள இது முடியணும்மா. இல்லன்னா திங்கக்கிழமை இந்த முக்காலியில வேற ஆளு. என் மச்சினி வீட்டுல சும்மாதான் இருக்கா."

சின்னவள் சரி என்று தலையாட்டினாள். கை மறுபடி நின்றது.

அவளைவிட மற்றவர்களுக்குத்தான் அது உறைத்தது. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக்காரி அவள் வயசுக்காரி, வாய்க்காரி. காலர்காரி சின்னவளைச் சின்னக்கா என்பாள். இந்த வேலையும் போனால் இவள் அந்த அறையில் சுவரைப் பார்த்தே செத்துப்போவாள் என்று இரண்டு பேரும் படியிறங்கும்போதெல்லாம் பேசிக்கொண்டார்கள். பேசி என்ன, அவளுக்குப் பதிலாக ஊசி பிடிக்கவா முடியும்? அவரவர் மிஷினுக்கே நேரம் போதவில்லை.

அந்தக் கூடத்தில் படம் கேட்பார்கள். பார்க்க முடியாது, கண்ணை எடுத்தால் ஊசி விரலில் ஏறிவிடும். ஓவர்லாக்காரியின் போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவிட்டால் சத்தம் கூடம் முழுக்க வரும். வசனத்தையும் பாட்டையும் கேட்டபடி தைப்பார்கள். மாசச் சந்தா கட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓவர்லாக்காரியின் மகன் கட்டுவதை நிறுத்தினான், படமும் நின்றது. அவள் போனிடம் வாய்விட்டுக் கேட்டாள், சும்மா கிடைக்கிற பழைய படம் வேணும் என்று. முதலில் வந்த இடம் இலவசம் என்று சொல்லிவிட்டுக் கார்டு நம்பர் கேட்டது. அடுத்த இடத்தைத் தொட்டதும் துணியில்லாத பெண்ணொருத்தி குதித்து வந்தாள். மாஸ்டர் அந்நேரம் பார்த்துப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "தையக்காரி போன்ல துணியில்லாதவ வந்தா, அவளுக்கும் ஒண்ணு தச்சுக் குடுன்னு வந்திருப்பா," என்றாள் காலர்காரி. சின்னவளைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசியில் கீழே போன் ரிப்பேர் கடைக்காரன் ஓர் இடம் காட்டிக்கொடுத்தான். படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் மாதிரி. எடுத்தவன் செத்து, அவன் வாரிசுக்கிருந்த உரிமையும் காலாவதியாகி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஆகிவிட்ட படங்களாம். ஓவர்லாக்காரி மேலே வந்து விளக்கினாள். காலர்காரிக்கு ஒரே சொல்லில் விளங்கிவிட்டது. "அப்போ புறம்போக்குப் படம்னு சொல்லு."

அன்று முதல் புறம்போக்கில் இறங்கினார்கள். எழுத்துப் படிக்க யாருக்கும் வராது, அதிலும் அது அயல்பாஷை. படத்தின் முகப்பைப் பார்த்துத் தொடுவதுதான். ஓவர்லாக்காரி ரயில் இருக்கிற ஒன்றைத் தொட்டு டம்ளரில் வைத்தாள். சத்தமே இல்லை. போனைத் தட்டினாள், ஊதினாள், டம்ளரை மாற்றினாள். இது ஊமைப்படம், அந்தக் காலத்தில் பேச்சே கிடையாது என்று காலர்காரி சொன்னதும் ஓவர்லாக்காரிக்கு வந்தது கோபம். "பேசாத படத்தை நான் எந்தக் காதால பாக்குறது?" போனை எடுத்துச் சின்னவள் பக்கத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். "அடி சின்னவளே, நீதான் சும்மா வெறிக்கிறியே. அதையாவது வெறி. என்ன நடக்குதுன்னு சொல்லு."

சின்னவள் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"ஒரு ஸ்டேஷன். மழை. ஸ்டேஷன் மாஸ்டர் நிக்கிறான். நீளக் கோட்டு, பெரிய பெரிய பட்டன். பொண்டாட்டி பெட்டியைத் தூக்கிட்டா. வண்டி ஏறிட்டா. எழுத்து வருது, இருங்க. எழுத்து போயிடுச்சு."

குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. சாமான் விலை ஒப்பிக்கிற குரல். ஆனால் எதை எப்போது சொல்ல வேண்டுமோ அதை அப்போது சொன்னாள். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், கதவு திறந்திருக்கிறதா, யார் யாரைப் பார்க்காமல் போனார்கள். மிஷின்காரிகள் தலை நிமிராமலே ஸ்டேஷனைப் பார்த்தார்கள். பொண்டாட்டி போன பிறகு அவன் வருகிற வண்டியை எல்லாம் நிறுத்தி, பெட்டி பெட்டியாக ஏறித் தேடுகிறான். படத்தில் எல்லாரும் நொட்டாங்கையால் சாப்பிடுகிறார்கள், நொட்டாங்கையால் கும்பிடு போடுகிறார்கள், அந்த ஊரே நொட்டாங்கை ஊர் போல என்றாள் சின்னவள். சிரிப்புக்காகச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னாள். கூடம் சிரித்தது.

காலர்காரிதான் முதலில் கவனித்தாள். சின்னவள் வாய் பேசப் பேச அவள் கை ஓடிக்கொண்டிருந்தது. பட்டன், சுற்று, முடிச்சு. பட்டன், சுற்று, முடிச்சு. படத்தை நிறுத்தினால் கையும் நின்றது. அதைப் பார்த்த பிறகு, பேசுகிற படத்துக்கு அந்தக் கூடத்தில் இடமில்லை. அந்த ஸ்டேஷன் படம் நீளம். அன்றைக்குக் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம் என்று ஓடியது. கோட்டுக் குவியல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் குவியலில் ஒரு கோட்டை எடுத்து உதறினார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் மொத்தக் குவியலையும் கவிழ்த்தார்.

ஆம்பிளைக் கோட்டுக்குப் பட்டன் வலப்பக்கம். பொம்பளைக் கோட்டுக்குத்தான் இடப்பக்கம். பட்டன் மாட்டுகிற துளை இன்னும் போடவில்லை. பட்டன் தைத்து முடித்த பிறகுதான் துளை மிஷினுக்குப் போகும். வெறும் துணிக்கு எந்தப் பக்கம் தெரியும்? அத்தனை கோட்டிலும் பட்டன் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தது.

மாஸ்டர் போனைக் குனிந்து பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டரின் கோட்டிலும் பட்டன் இடப்பக்கம். படத்தை யாரோ கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றி ஏற்றிவைத்திருக்கிறார்கள் என்றார். புறம்போக்கில் கேட்பார் ஏது? அதைப் பார்த்துக்கொண்டே கை தைத்திருக்கிறது. வாழ்நாள் முழுக்கப் பட்டன் தைத்தவள், மரத்துப்போன தலையை விட்டுவிட்டு, கண் காட்டிய பக்கத்தில் தைத்துவிட்டாள்.

"நீ கிளம்பும்மா," என்றார் மாஸ்டர். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"சரி," என்றாள் சின்னவள். கத்திரிக்கோலை எடுத்துப் பையில் போட்டாள்.

ஓவர்லாக்காரியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. "என்னடி சரி? சோறு போடுற வேலைடி. ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?" என்று பையைப் பிடுங்கினாள். பிறகு மாஸ்டரிடம் திரும்பி, கோட்டு எடுக்க வண்டி சாயங்காலம்தானே வருகிறது, அதற்குள் பிரித்துத் தைத்துத் தருகிறோம் என்றாள். உங்கள் மிஷின் வேலை என்ன ஆவது என்று அவர் கேட்டார். அது எங்கள் பாடு என்றாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து பட்டனை வெட்டி எடுத்தார்கள். பட்டன் இருந்த இடத்தில் ஊசித்துளை தெரிந்தது. மாஸ்டர் நின்று பார்த்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ஆவி காட்டி ஊசித்துளைகளை அடைக்கத் தொடங்கினார்.

"மீதியைச் சொல்லு சின்னக்கா," என்றாள் காலர்காரி.

போன் வட்டத்துக்கு நடுவில் இருந்தது. மிஷின் ஓடவில்லை, எல்லாருக்கும் கண் சும்மாதான் இருந்தது. நிமிர்ந்தால் அவரவரே பார்க்கலாம். ஒருத்தியும் நிமிரவில்லை.

"வண்டி வருது. ஜன்னல்ல அவ உக்காந்திருக்கா. இவன் பாத்துட்டான். கையில செவப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு, ரெண்டு கொடியும் இருக்கு."

"கறுப்பு வெள்ளைப் படத்துல உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஓவர்லாக்காரி.

"ஒண்ணைக் காட்டினா வண்டி நிக்குது, ஒண்ணைக் காட்டினா போகுதுல்ல. போறதைக் காட்டிட்டான். வண்டி போயிடுச்சு. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான்."

இஸ்திரிப் பெட்டி துணி மேல் அப்படியே நின்றது. "அழுதானா?" என்று கேட்டது மாஸ்டர்.

"முகத்துல ஒண்ணும் தெரியல."

"உள்ளுக்குள்ள அழுதிருப்பான்," என்றாள் காலர்காரி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இருக்கிறதைத்தான் சொல்லுவேன். அக்காவுக்குக் கண்ணு போன பிறகு டிவியில ஓடுறதை எல்லாம் நான்தான் சொல்லணும். இல்லாததைச் சேத்தா கண்டுபிடிச்சிருவா. திட்டுவா."

பெரியவளுக்குக் கண் போனது அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது. மாஸ்டர் துணி தீய்ந்துவிடும் என்று பெட்டியைத் தூக்கினார். சின்னவள் அடுத்த கோட்டை இழுத்து, வலப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, ஊசியை இறக்கினாள்.

சாயங்காலம் கோட்டுகள் வண்டி ஏறின. திங்கட்கிழமை வர வேண்டாம் என்று மாஸ்டர் போனில் மச்சினியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், கூடத்துக்கே கேட்கிற மாதிரி. ஓவர்லாக்காரி சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். சந்தோஷம் என்று அதில் ஒன்றும் இல்லை. எப்போதும்போலத்தான் இருந்தது. பையை அவளிடம் திருப்பிக் கொடுத்து, திங்கட்கிழமைக்கு என்ன படம் தேடட்டும் என்று கேட்டாள். பதில் வரும் என்று எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

சின்னவள் படியில் இறங்கிப் பாதியில் நின்றாள்.

"நாய் வர்ற படம் வேண்டாம். ஓடுது ஓடுதுன்னே சொல்லிக்கிட்டிருக்கணும்."