காம்பவுண்டுச் சுவரில் ஒரு முதுகு

கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் காம்பவுண்டுச் சுவருக்கு ஒரு ராசி. போகிற வருகிற ஆண்களுக்கெல்லாம் அதைப் பார்த்தவுடன் ஒன்றுக்கு ஒதுங்கத் தோன்றிவிடும். இதற்கு ஊரறிந்த வைத்தியம் ஒன்று உண்டு. பிள்ளையார், சிலுவை, மசூதி மூன்றையும் டைல்ஸாக வாங்கி வரிசையாகப் பதித்துவிடுவார்கள். எங்கள் சங்கக் கூட்டத்திலும் அதைத்தான் முடிவு செய்ய இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"சாமிங்களை வாட்ச்மேன் வேலைக்கு வைக்காதீங்க. நான் படம் வரையறேன், பெயின்ட் மட்டும் வாங்கிக் குடுங்க."

முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. பிள்ளைகள் வரைவதெல்லாம் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை மரம். 'சீனரி' என்று பெயர். இதற்கு மார்க் போட்டுப் போட்டே எனக்கு மலை என்றால் எரிச்சல் வந்துவிட்டது. ஓவியக் கல்லூரியில் என்னைப் பிடித்து உலுக்கிய மலைகள் வேறு. அவை ஐரோப்பாவின் ரொமான்டிக் இயக்கத்து மலைகள். அறிவுதான் எல்லாம், ஒழுங்குதான் அழகு என்று பெரியவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்த காலத்தில், கவிஞர்களும் ஓவியர்களும் ஒரு கூட்டமாக அதை மறுத்துக் கிளம்பினார்கள். புயல் பெரிது, கடல் பெரிது, அவற்றின் எதிரே நடுங்கிக்கொண்டு நிற்கிற ஒற்றை மனித மனமும் அதே அளவு பெரிது என்றார்கள். அவர்களில் சிலர் படத்துக்குள் ஓர் ஆளை நமக்கு முதுகு காட்டி நிற்க வைப்பார்கள். அவர் பார்ப்பதை நாமும் பார்க்கலாம். அவர் முகத்தை மட்டும் பார்க்க முடியாது. அந்த முதுகுகள் மேல் எனக்கு அப்போதே பைத்தியம்.

மலைக்கும் கடலுக்கும் கள்ளிக்குப்பத்தில் எங்கே போவது? ஏரி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் டிசம்பர் மழையில் அது நிரம்பி எங்கள் தெருவுக்குள் வந்த சாயங்காலத்தை எடுத்துக்கொண்டேன். கன்றிப்போன வானம், ஓரத்தில் ஒரு மஞ்சள் கீற்று, தெரு முழுக்கத் தண்ணீர், நடுவே முழங்கால் ஆழத்தில் ஓர் உருவம். பிளாஸ்டிக் ஷீட்டைத் தலையோடு போர்த்தியிருந்ததால் ஆணா பெண்ணா என்று தெரியாது. முதுகுதான் நமக்கு. காலாண்டு விடுமுறை முழுவதும் வெயிலில் நின்று வரைந்தேன். பிரமாதமாக வந்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

முடித்த மறுநாள் விடிகாலையில் வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். மூன்றாவது மாடியில் இருக்கும் கண்டக்டர், ஐயப்பன்தாங்கல் டிப்போவில் டூட்டி முடித்துத் திரும்பியவர், சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"டேய், யார்ரா அது? எய்தி வெச்சா மாரி இங்கியே வந்து நிக்கிற! உனுக்கு ஊடு இல்ல?"

படம் அசையவில்லை. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, மேலே என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மிஸ், நெஜமாவே ஒர்த்தன் நின்னுகினு கீறான்னு நெனச்சிட்டேன்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உலகமே வியந்து பார்த்த முதுகு, எங்கள் தெருச் சுவரில் ஏறியதும் வேறு வேலை பார்ப்பது போலத் தெரிந்தது. ஐரோப்பிய ஓவியர்களுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது.

சங்கச் செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. ஆவடியில் மத்திய அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேச்சில் எப்போதும் ஆபீஸ் வாசனை அடிக்கும்.

"அந்த ஆளை முன்பக்கமா திருப்பி வரைங்க. இல்லன்னா ஞாயித்துக்கிழமை வெள்ளை அடிச்சிடுவேன்."

"திருப்ப முடியாது சார். மூஞ்சி வந்தா அது யாரோ ஒருத்தரோட படமா ஆயிடும்."

"அப்ப வெள்ளைதான்." இந்த விஷயத்துக்கு வேண்டியதைவிட அதிகமான கோபம் அவர் குரலில் இருந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "ஒரு மூஞ்சி போட்டா குறைஞ்சா போயிடுவ?" என்று கேட்டார் என் கணவர். குறைந்துதான் போவேன் என்றேன். கேட்டவர்களுக்குக் கேட்டபடி வரைந்து கொடுத்தே காலத்தை ஓட்டியவள் நான். மனதில் நினைத்ததை நினைத்தபடி முடித்தது இந்த ஒரு சுவரில்தான். அது போனால் எனக்கு வேறு சுவர் கிடைக்கப்போவதில்லை. அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுவர் முன்னால் எல்லோரும் கூடினோம். சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷும் தயாராக இருந்தன. தரைத்தளத்து அக்கா வாளியைப் பார்த்துவிட்டு முன்னால் வந்தார். அவர் கணவர் பூந்தமல்லியில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் பாய். அந்த மழையில் கட்டில் பீரோ எல்லாவற்றையும் இழந்த குடும்பம்.

"இதை எதுக்கு அழிக்கிறீங்க? இது நான்தானே?"

"நீங்களா?" என்றேன்.

"பின்ன? பிள்ளைங்களை மேல அனுப்பிட்டு, இவரு கடையிலேருந்து வர்றாரான்னு தெருவைப் பாத்துட்டு இப்படித்தானே நின்னேன்."

கண்டக்டர் விடவில்லை. "இன்னாக்கா நீ? அது நானு. வண்டிய பாதி வயிலயே உட்டுட்டு தண்ணிலயே நடந்து வந்து, தெரு எங்க கீதுன்னே தெரியாம நின்னேன். அந்த ஷீட்டுகூட என்னுதுதான்!"

"உங்க ஷீட்டு நீலம். இது வெள்ளை."

"நனைஞ்சா அப்டிதான் தெரியும்."

சண்டை வலுத்தது. ஆளாளுக்கு அந்த முதுகுக்கு உரிமை கொண்டாடினார்கள். வரைந்தபோது நான் நினைத்துக்கொண்டது, அன்று பள்ளியிலிருந்து அந்தத் தண்ணீரில் நடந்து வந்த என்னைத்தான். அதைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. என் படத்துக்காகத் தெருவில் நின்று மனிதர்கள் சண்டை போடுகிறார்கள்! கையைக் கட்டிக்கொண்டு நின்று ரசித்தேன். கர்வத்தில் எனக்குக் கண் கலங்கியது.

அந்த இரைச்சலுக்கு நடுவே செயலாளர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு மாடியிலேருந்து என்னைப் பாத்தீங்கதானே?"

எனக்குப் புரியவில்லை.

"பொண்ணு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வேலைக்குப் போயிருந்தா. போன் போகல. நம்ம கேட் பக்கத்துல நின்னு அழுதேன். மறுநாள்தான் நல்லபடியா வந்து சேந்தா. நான் அழுதது அவளுக்கே தெரியாது. இப்ப பாத்தா நடுத்தெருவுல நீங்க என்னை வரைஞ்சு வெச்சிருக்கீங்க."

"சத்தியமா உங்களைப் பாக்கல சார். அன்னைக்கு நான் எங்க வீட்டு ஜன்னல்கிட்டகூட வரல."

அவர் படத்தின் பக்கம் திரும்பினார். அந்த முதுகைத் தலையிலிருந்து முழங்கால் வரை பார்த்தார். பிறகு சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மோட்டார் ரூமுக்குள் வைத்துவிட்டு, கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இன்னா சார், அப்ப வெள்ள அடிக்கலயா?" என்றார் கண்டக்டர். "நீயே ஒரு முடிவு சொல்லு. அது நானா, அக்காவா?"

"ரெண்டு பேரும் இல்ல," என்றார் செயலாளர், தெரு முழுக்கக் கேட்கும்படி. "அது நான்."