நூற்றறுபதாம் நம்பர் ஜெட்

லூனாஸ் ஊரில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் ஆண்கள் அத்தனை பேரையும் நளினி ஒரே தட்டில்தான் வைத்திருந்தாள். அளக்கத் தெரியாத கூட்டம். கார்புரேட்டருக்குள் ஜெட் என்று சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு பித்தளைத் திருகு இருக்கிறது. அதன் நடுத்துளை வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். துளை பெருத்தால் வண்டி புகை கக்கும். சிறுத்தால் பிஸ்டன் பொசுங்கும். மயிரிழை பார்த்துச் செய்ய வேண்டிய அந்த வேலையை இந்தக் கூட்டம் விளக்குமாறு கட்டும் கம்பியாலும், சுவரில் ஆணிக்கு ஓட்டை போடும் டிரில்லாலும் செய்துகொண்டிருந்தது.

நளினிக்கு நாற்பத்தெட்டு வயது. தோட்டத்து லயத்தில் பிறந்து, பள்ளியில் படிவம் ஐந்து முடித்த கையோடு கூலிம் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறியவள். மின்பலகைகளில் துளை போடும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தாள். அங்கே ஒரு துளை நூலளவு பிசகினாலும் பலகை குப்பைக்குப் போகும். பிசகியவள் பெயர் கரும்பலகைக்குப் போகும். நளினியின் பெயர் ஒரு நாளும் போனதில்லை. மற்றவர்களுடைய பெயர்களை எழுதியவளே அவள்தான். தொழிற்சாலையை மூடிய அன்று மற்றவர்கள் நாற்காலியும் மின்விசிறியும் கேட்டார்கள். இவள் தேய்ந்த துளையூசிகளையும், துளைக்குள் விட்டு அளக்கும் கம்பிகளையும் கேட்டு ஒரு பிஸ்கட் டின்னில் வாங்கி வந்தாள். மேனேஜர் சிரித்தான். அவன் பித்தளைக்கும் செம்புக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்பதால் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பட்டறைக்காரர் காளிதாசன் ஒரு முறை அவளுடைய வண்டிக்கே ஜெட் பெரிதாக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தவள், அப்படியே திரும்பிப் போய் அதை அவர் மேசையில் போட்டாள்.

"இது ஜெட்டாண்ணே, எலி கடிச்ச பரோட்டாவா?"

பிறகு வேறொரு ஜெட்டில் தானே துளை போட்டு மாட்டிக்கொண்டாள். வண்டி ஓடிய ஓட்டத்தைக் காளிதாசன் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து வாடிக்கையாளர்களின் ஜெட்டுகளைத் துணியில் சுற்றி அவள் வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். வருவது பின்வாசல் வழியாக. தலையில் ஹெல்மெட். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதாம்.

"பொம்பள போட்ட ஓட்டைன்னு தெரிஞ்சா எவன்மா வண்டியில மாட்டுவான்? உனக்கு வேலை வேணும்ல, சும்மா இருலா."

சும்மா இருந்தாள். 'காளி அண்ணன் ஜெட்' என்று பாக்கார் ஆராங்கிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. கோயில் விருந்தில் அவள் காதுபடவே அவருடைய கைராசியைப் புகழ்ந்தார்கள். அவள் ரசத்தை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் துளைக்குத் தன் பெயர் இல்லை என்பது மட்டும் உறுத்தியது.

செர்டாங்கில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் எரிக் தன் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியைக் காளிதாசனிடம் விட்டது அப்போதுதான். நூற்றைம்பதாம் நம்பர் ஜெட்டை நூற்றறுபதாக்க வேண்டும். காளிதாசன் ஒரே மாதிரி இரண்டு ஜெட்டுகளைக் கொண்டுவந்தார்.

"ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு இருக்கட்டும்மா."

"கெடுக்கிறது உங்க பழக்கம்ணே," என்று இரண்டாவதை டின்னுக்குள் எறிந்தாள்.

நூற்றறுபது என்றால் ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர். இதுவரை அவளிடம் வந்த ஜெட்டுகள் அத்தனையிலும் கணக்கு அதுதான். ஊசியைப் பிடியில் பொருத்தி, கையாலேயே திருகித் திருகி இறக்கினாள். துருவல் வழக்கத்தைவிட அதிகமாக விழுந்தது. மட்டமான பித்தளை என்று ஜெட் செய்தவனையும் ஏசிவிட்டு, முடித்துக் கொடுத்தாள்.

நான்காம் நாள் காளிதாசன் பின்வாசலில் வந்து நின்றார்.

"கொசு மருந்து அடிக்கிற மாதிரி புகை. பிளக்கு கரிக்கட்டையா கிடக்கு. ஃபில்டர் மாத்திட்டேன். எரிக்கிட்ட இக்னிஷன் காயில் போச்சுன்னு சொல்லியிருக்கேன்."

"காயில் போனா புகை எப்படிண்ணே வரும்?"

"சும்மா சொல்றதுதான்லா."

அவர் போனதும் டின்னைக் கவிழ்த்து அந்த இரண்டாவது ஜெட்டைத் தேடி எடுத்தாள். தலையில் நூற்றைம்பது என்று பொறித்திருந்தது. துளைக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் கம்பியை விட்டாள். நுழையவில்லை. ஒன்று புள்ளி நாலு. அதுவும் நுழையவில்லை. ஒன்று புள்ளி மூன்று இரண்டுதான் போய் உட்கார்ந்தது.

கைப்பேசியில் தேடிப் படித்தாள். இந்தக் கம்பெனி ஜெட்டில் எண் துளையின் அகலம் அல்ல. நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் பாயும் என்ற கணக்கு. அவளுடைய துளையில் பிசகே இல்லை. ஒன்று புள்ளி ஆறு என்றால் ஒன்று புள்ளி ஆறேதான். அது தேவையே இல்லாத ஒன்று புள்ளி ஆறு. ஊசியை இறக்குமுன் பழைய துளையை அளந்து பார்க்க வேண்டும் என்பது தொழிற்சாலையில் முதல் நாள் பாடம். துருவல் வந்து சொன்னபோதும் அவள் கேட்கவில்லை. பித்தளையை ஏசிக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் தெரியாது. காயில் போனது என்றே காளிதாசன் சமாளித்துவிடுவார். அவள் வாயை மூடிக்கொண்டால் போதும். ஆனால் அப்படி மூடிக்கொண்டால் அவருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

பாயும் அளவுக்குக் கணக்குப் போட்டு, இரண்டாவது ஜெட்டை ஒன்று புள்ளி மூன்று ஆறுக்கு இழைத்து எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில் பட்டறைக்கு நடந்தாள். எரிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சுற்றி நாலைந்து பேர்.

"காயிலைக் கழட்டாதீங்கண்ணே. தப்பு என்னுது. நம்பரைப் பார்த்தேன், ஓட்டையை அளக்கல. இதை மாட்டுங்க."

காளிதாசனின் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை நாள் வாங்கிய ஏச்சு!

"கேட்டீங்களாடா! என் ஜெட்டைப் பரோட்டான்னு சொன்ன வாய்! மூணு வருசமா எல்லா ஜெட்டுக்கும் இவதான் ஓட்டை போடுறா, ஒரு தப்பு வராதுன்னு அப்படி ஒரு திமிரு! இப்ப வந்துச்சா?"

எரிக் ஸ்டூலை விட்டு எழுந்தான்.

"எல்லா ஜெட்டுமா? அப்ப காளி அண்ணன் ஜெட்டுன்னு சொல்றது?"

தான் உளறியதை அப்போதுதான் உணர்ந்த காளிதாசன், ஸ்பேனரோடு காயில் பக்கம் குனிந்துகொண்டார். நளினி அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, ஜெட்டைத் தானே மாட்டி, வண்டியை உதைத்தாள். முதல் மூச்சில் பழைய புகை கொஞ்சம் வந்தது. பிறகு சத்தம் சுத்தமானது.

எரிக் ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பார்த்தான். பிறகு சட்டைப் பையில் துழாவி இன்னொரு ஜெட்டை எடுத்தான்.

"அக்கா, தம்பி வண்டிக்கு இது. உங்க வீடு எங்க?"

"ரயில் பாதை தாண்டி, நீல கேட்," என்றாள் நளினி, காளிதாசனைப் பார்த்துக்கொண்டே. "முன்வாசல் பக்கமா வா. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு வா."