சூரியனுக்கு டச்சப்

ஆராய்ச்சிக்காக இரவல் வாங்கிய பழைய சூரியப் படங்களை எங்கள் சுரங்க டவுன்ஷிப் ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்யக் கொடுத்திருந்தேன். நாளைக் காலை படங்களைத் திருப்பித் தர வேண்டும்.

இன்று போய்ப் பார்த்தால் எல்லாச் சூரியனும் பளிச்சென்று இருக்கிறது. ஒரு கரும்புள்ளிகூட இல்லை.

"அண்ணா, புள்ளியெல்லாம் எங்க?"

"மைன்ஸ் தூசின்னு நெனச்சேங்க. நம்மூரு பழைய போட்டோ எல்லாத்துலயும் இருக்குமில்ல. காலையிலேருந்து ஒக்காந்துகினு ஒண்ணொண்ணா அழிச்சேன்."

"நான் எண்ண வேண்டியதே அந்தப் புள்ளியைத்தான்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லங்க."

இப்போது மறுபடி முதலிலிருந்து ஸ்கேன் நடக்கிறது. அவர் மவுஸைத் தொடாதபடி பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் இருக்கிறேன்.

இவரிடம் கல்யாண ஆல்பம் போட்டவர்களே, உங்கள் மச்சமெல்லாம் பத்திரமாக இருக்கிறதா?