ஈரத்துண்டோடு பீடம் ஏறியவர்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஆனி மாதம் அது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையோரம் இருக்கிறது எங்கள் பழைய மாதா கோவில். வெளியே பார்த்தால் சாதாரண ஓட்டுக் கட்டடம்தான். உள்ளே போனால் பீடம் கூரை வரை எழும்பி நிற்கும். முறுக்கிவிட்டது போன்ற மரத்தூண்கள், அவற்றில் சுற்றிய திராட்சைக் கொடி, கன்னம் உப்பிய சம்மனசுகள் என்னும் குட்டித் தேவதூதர்கள், நடுவே மரப்பலகையில் தீட்டிய மாதா படம். பரோக் என்கிற அந்தக் காலத்து ஐரோப்பியப் பாணி. தங்கப்பூச்சு இன்னும் மின்னும்.

ஒரு நாள் காலை பூ வைக்க நான் தனியாகப் போயிருந்தேன். திடீரென்று பெருங்காற்றும் மழையும். பீடத்துக்கு மேலே ஓடுகள் கொத்தாகப் பறந்தன. தண்ணீர் நேராக மாதா படத்தின் மேல் கொட்டியது. நான் பார்க்கும்போதே நீல அங்கியின் ஓரத்தில் வண்ணம் உப்பி உதிர ஆரம்பித்தது. பங்குச் சாமியார் வெளியூரில் இருந்தார். கோவில் பொறுப்பாளர் போனை எடுக்கவில்லை.

சாலைக்கு ஓடினேன். வந்த முதல் வேனுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றுவிட்டேன்.

அருவியில் குளித்துத் திரும்பும் சிவகிரிக்காரர்கள். இடுப்பில் ஈரத்துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வாசம். வேன் மேலே சாமான்களை மூடிய தார்ப்பாய்.

"என்னக்கா, யாருக்காச்சும் அடிபட்டுட்டா?" என்று டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இல்ல அண்ணாச்சி. கோயில் கூர போயிட்டு, உள்ள சாமி படம் நனையுது. ஒங்க தார்ப்பாயக் கொஞ்சம் தாங்க."

"ஏலே, எல்லாரும் எறங்குங்கலே!" என்றார் அவர் பின்னால் திரும்பி.

பீடத்துக்கு முன்னால் வந்ததும் தயங்கி நின்றார்கள். "ஈரத்துண்டோட இதுமேல ஏறலாமாம்மா?" என்று கேட்டார் அவர்களில் ஒரு பெரியவர்.

"தாராளமா ஏறுங்க. மாதா கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிடுதேன்."

சிரித்துக்கொண்டே ஏறினார்கள். தார்ப்பாயைப் படத்துக்கு மேலே சரிவாகப் பிடித்தார்கள். தண்ணீர் பக்கவாட்டில் வழிந்தது. மழை விடுவதாக இல்லை. அவர்கள் பேச்சிலிருந்துதான் தெரிந்தது, மதியம் நடை சாத்துவதற்குள் பண்பொழி மலை முருகன் கோவிலுக்குப் போக வேண்டியவர்கள் என்று.

"நீங்க கெளம்புங்க, நான் வேற ஆள் கூப்பிடுதேன்" என்றேன்.

பெரியவர் தார்ப்பாயின் முனையை இன்னும் உயர்த்திப் பிடித்தார். "முருகன் எங்க போயிரப் போறாரு? சாயங்காலம் பாத்துக்கிடலாம். இந்தத் தாயிதான் இப்ப நனையுதாளே."

மழை ஓயும்வரை பிடித்திருந்தார்கள். பிறகு தார்ப்பாயைத் தூண்களில் கட்டிவிட்டு, அதைத் திருப்பிக் கேட்காமலே போய்விட்டார்கள். அங்கியின் ஓரம் மட்டும் சேதம். முகம் தப்பித்தது.

அன்றிலிருந்து, ஓர் அவசரம் என்றால் தெரிந்தவர் யார் இருக்கிறார் என்று நான் தேடுவதில்லை. எதிரே வருகிற மனிதரைத் தைரியமாக நிறுத்திவிடுகிறேன்.