வயர் தூக்கும் அலெக்ஸாண்டர்

அலெக்ஸாண்டருக்கு இரண்டு வேலை. வயிற்றுப்பாட்டுக்கு, விடிந்ததும் மீன் வாடியில் ஐஸ் உடைப்பார். மரியாதைக்கு, ஆண்டில் ஒருநாள் மாதா திருநாளன்று, சிலையைச் சுமந்து வரும் சுரூபக் கூட்டுக்கு முன்னால் கவைத்தடியோடு நடந்து, தெருவுக்குக் குறுக்கே தொங்கும் வயர்களைத் தூக்கி வழிவிடுவார். கரண்ட் வயர், ரெலிபோன் வயர், கேபிள் வயர் என்று மன்னார்த் தெருக்களில் தொங்காத வயர் இல்லை. ஒரு நீள மூங்கில், நுனியில் கவை, கவையில் சுற்றிய பழைய சைக்கிள் ரியூப். அவ்வளவுதான் அவருடைய ஆயுதம். பத்தொன்பது வருடம் மாதாவின் மணிமுடியில் ஒரு வயர்கூட உரசியதில்லை.

இதில் அவர் ஒரு பிடிவாதக்காரர். மாதாவுக்கு முதுகு காட்டக்கூடாது என்று, கூட்டைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பார். எந்த வயர் எங்கே தொங்குகிறது என்பது மனப்பாடம். ஊரும் அதை மெச்சிப் பேசியது. மூன்று வருடத்துக்கு முன்னர், திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சந்தியில் யாரோ தங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு கேபிளை இழுத்துவிட்டார்கள். மனப்பாடத்தில் இல்லாத அந்த வயர் மாதாவின் முடியைக் கொளுவி இழுத்தது. முடி தெருவில் விழுந்து நசுங்கியது.

யாரும் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். அடுத்த வருடம் வேறொருவருக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அவர் தன் தடியைக் கூரைக்குள் செருகினார். அதன்பிறகு திருநாளில் பூசை முடிந்ததும், கூடு வெளிக்கிட முன்னமே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வார். மகள் பிறின்சிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுக்காது.

இந்த யூலையில் ஐந்து நாட்டு இளம் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் மன்னாருக்கு வந்து இறங்கினார்கள். நம்முடைய பிள்ளைகளோடு சேர்ந்து மூன்று கிழமையில் ஒரு வீதி ஊர்வலம் செய்யப்போகிறார்களாம். "எந்தச் சாமிக்கு?" என்று ஊர் கேட்டது. ஒரு சாமிக்கும் இல்லை. "எந்தக் கட்சிக்கு?" அதுவும் இல்லை. சும்மா எல்லாரும் சேர்ந்து நடக்கத்தான் என்றதும் ஊருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

பிள்ளைகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம்முடைய ஊர் ஸாஜித் இரும்பை ஒட்டிச் சில்லு வைத்த வண்டி ஒன்று செய்தான். கென்யாவிலிருந்து வந்த வஞ்சிரு மூங்கிலை வளைத்து அதன்மேல் நீளமான பறவைக் கழுத்துக் கட்டினாள். பிறின்சியும் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போய் ரோஸ் நிறச் சேலைகளாகக் கேட்டு வாங்கி வந்து போர்த்தினார்கள். பதினைந்து அடிப் பூநாரை எழுந்து நின்றது. அழகென்றால் அப்படியொரு அழகு.

ஊர்வலத்துக்கு முதல்நாள்தான் பிறின்சி அண்ணாந்து பார்த்தாள். "ஐயோ, வயர்!"

"என்ன வயர்?" என்றான் ஜேர்மன்காரப் பையன். அவனுடைய ஊரில் வயரெல்லாம் மண்ணுக்குள் போகிறதாம். அவன் பாவம். அந்த வயர்களுக்குக் கீழேயே பிறந்து வளர்ந்த நம்முடைய பிள்ளைகளின் மூளை எங்கே போயிருந்தது? கழுத்தை வெட்டலாம் என்று ஒருவர் சொன்னார். வெட்டினால் பூநாரை குட்டைக் கழுத்துத் தாராவாகிவிடும்.

பிறின்சி வீட்டுக்கு ஓடினாள். "அப்பா, நாளைக்கு எங்களுக்கு வயர் தூக்கித் தாங்கோ."

"கோயில்ல இப்ப வேற ஆள் இருக்கு. அவரைக் கேள்."

"எனக்கு நீங்கள்தான் வேணும்."

"ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்கும், பிள்ளை. இன்னொருக்காப் பிழைச்சா நான் இந்த ஊரில தலை நிமிர்த்தி நடக்கேலாது."

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. விடியப் பார்த்தால் தடி முற்றத்தில் கிடந்தது. அப்பா கவைக்குப் புது ரியூப் சுற்றிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் நாலு மணிக்கு மேளமும் கையால் தட்டும் றபானும் முழங்க ஊர்வலம் வெளிக்கிட்டது. தெருவில் திரிந்த இரண்டு கழுதைகளும் அழைக்காமலே சேர்ந்துகொண்டன. சோழகக் காற்று சுழற்றியடித்தது. அலெக்ஸாண்டர் பழக்கதோசத்தில் பறவையைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கமாக அடி வைத்தார்.

"அப்பா, இது பறவைதானே, முன்னுக்குப் பாத்து நடவுங்கோ."

"காத்துக்குக் கழுத்து ஆடுது பிள்ளை. தலையைப் பாக்காமல் எப்பிடித் தூக்கிறது?"

அதுவும் சரிதான். இந்தப் பக்கம் பார்த்தால் வயர் தெரியாது, அந்தப் பக்கம் பார்த்தால் தலை தெரியாது. தமிழில் ஒரு சொல்லும் அறியாத வஞ்சிருவுக்கு இது உடனே விளங்கிவிட்டது. அவருக்குப் பக்கத்தில் வந்து, முன்னால் பார்த்தபடி, அவருடைய முதுகில் உள்ளங்கையை வைத்தாள். பஸ் கொண்டக்டர் தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டினாள். வயர் வருகிறது. தடி எழுந்தது, பூநாரை கீழால் போனது. இப்படியே பதினாறு வயர்.

சந்தி வந்தது. அதே கேபிள். கோயில் சபைத் தலைவர் சிங்கராசா கைகட்டிக்கொண்டு தெரு ஓரத்தில் நின்றார். மேளக்காரரும் அடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். முதுகில் இரண்டு தட்டு. தடி உயர்ந்தபோது காற்று கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தது. அலெக்ஸாண்டர் தடியோடு தானும் சாய்ந்தார். அலகு நாலு விரல்கிடை இடைவெளியில் கீழால் போனது. சனம் கூவிக் கைதட்டியது. தட்டிய பிள்ளை எந்த நாடு என்றுகூட அறியாமல், அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் அழுதார்.

அந்தப் பிள்ளைகள் விமானம் ஏறிப் போன கிழமை சிங்கராசா வீட்டுக்கு வந்தார். "அலெக்ஸாண்டர், திருநாளுக்குத் தடியோட வா. ஆனா முன்னுக்குப் பாத்து நடக்கோணும்."

மூன்று வருடமாக ஏங்கிய வார்த்தை. என்றாலும் அலெக்ஸாண்டர் தலையாட்டவில்லை. "மாதாவுக்கு முதுகு காட்டமாட்டன், அண்ணை. பின்னுக்கு நடந்ததில பிழையில்லை. நான் தனிய நடந்ததுதான் பிழை. என்ர முதுகில தட்ட ஒராள் வேணும்."

"ஆர்?"

"பிறின்சி."

கூட்டுக்கு முன்னால் பெண்பிள்ளை நடந்த வழக்கம் அந்தக் கோயிலில் இல்லை. சிங்கராசா எழுந்து செருப்பை மாட்டினார். ஓம் என்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

திருநாளன்று கூடு வெளிக்கிட்டபோது பிறின்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். யாரும் தடுக்கவில்லை. சந்தியில் இரண்டு தட்டு விழுந்தது. அலெக்ஸாண்டர் மாதாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே தடியை உயர்த்தினார்.